தியாகேசன் சாரின் முதல் அம்பு

தியாகேசன் சாருக்கு வலது கண் தெரியாது. நாற்பத்து மூன்று வருடமாகத் தெரியாது. இந்த விஷயம் உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும்: அப்பா, அம்மா, மனைவி மங்களாம்பிகை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மங்களாம்பிகை வெளியில் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் அவர் மேல் கோபம் வந்தால் காபி டம்ளரைச் சத்தமில்லாமல் அவருடைய வலது பக்கம் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் பேப்பரைத் திருப்புவார், டம்ளர் சாயும், வேட்டி நனையும். அடுப்படியிலிருந்து அவள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். இருபத்தைந்து வருடத்தில் அவர்கள் வீட்டுச் சண்டையில் பாதி இப்படி வாய்ப்பேச்சே இல்லாமல் முடிந்திருக்கிறது.

கண் போனது ஒன்பதாவது வயதில். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம், தாளடி அறுப்பு நேரம். களத்தில் ஆட்கள் கதிரை ஓங்கிக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கக் குனிந்த பையனின் கண்ணில் ஒரு நெல் தெறித்துக் குத்தியது. பக்கத்து வீட்டுக்காரி தாய்ப்பால் பீய்ச்சிவிட்டாள். நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினார்கள். பதினோராம் நாள் சீழ் வடிந்த பிறகுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பூ விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வெளியில மூச்சு விடாத. ஒத்தக்கண்ணன்னு தெரிஞ்சா எவனும் வேலை குடுக்க மாட்டான், எவனும் பொண்ணும் குடுக்க மாட்டான்."

பையன் மூச்சு விடவில்லை. கருவிழியில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளை. கிட்டத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நன்றாக ஓடுவான். ஓடுவதற்கு ஒரு கண் போதும். மாவட்ட அளவில் ஐயாயிரம் மீட்டரில் இரண்டாவது வந்தான், உடற்கல்விப் படிப்புக்குப் போனான். மருத்துவப் பரிசோதனையில்தான் அவனுடைய திறமை வெளிப்பட்டது. ஒரு கண்ணை மூடிப் படி என்றால், வலது கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை கடகடவென்று படிப்பான். இன்னொரு கண்ணு என்றால், கையை மாற்றுவான். இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து அதே வலது கண்ணை மூடிக்கொண்டு மறுபடி படிப்பான். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் கை மாறியதைப் பார்ப்பார்களே தவிர, கண் மாறியதா என்று ஒருவரும் பார்த்ததில்லை. படிப்புக்கு, வேலைக்கு, வண்டி லைசென்ஸுக்கு, வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் முகாமுக்கு என்று எல்லாவற்றையும் அந்த ஒரே வித்தையில் தாண்டி வந்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் மற்றவர்களிடம் கொஞ்சம் இரக்கமாக இருந்திருப்பார் என்று நினைத்தால், நீங்கள் தியாகேசன் சாரிடம் படிக்கவில்லை என்று அர்த்தம். குடமுருட்டிக் கரையோரம் இருக்கும் அந்தத் தனியார் பள்ளியில் இருபத்து நாலு வருடமாக அவர்தான் பி.டி. சார். கூலிங்கிளாஸ், கழுத்தில் விசில், கையில் பூவரசங்கிளை. கண்ணாடி போட்ட பிள்ளைகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "டேய் சோடாபுட்டி, நீ விளையாடி என்ன கிழிக்கப்போற, போய் வாளியில தண்ணி புடிச்சு வை" என்று மைதானத்துக்கு வெளியே விரட்டிவிடுவார். வலது பக்கத்திலிருந்து வந்த பந்து தன் மேல் பட்டுவிட்டால், எறிந்த பிள்ளைக்கு அன்றைக்குப் பூசைதான். இடது கைப் பழக்கம் உள்ளவர்களைக் கண்டால் இன்னும் மோசம். "சோத்தாங்கையால போடு. பீச்சாங்கை கழுவறதுக்கு" என்பார். தன்னிடம் ஒரு குறையை வைத்துக்கொண்டு இருபத்து நாலு வருடம் அடுத்தவர் குறையைத் தேடிப் பிடித்து ஊருக்குக் காட்டினார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அந்த நிம்மதியை மன்னிக்க மனசு வரவில்லை; இருந்தாலும் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்ற ஆவணியில் தாளாளர் அச்சுதன் அவரை அறைக்குக் கூப்பிட்டார். ஒரு காலத்தில் இருபது வேலி மிராசாக இருந்த குடும்பம். நிலமெல்லாம் போய்ப் பள்ளிக்கூடமாக மிஞ்சியிருந்தது. மிராசுக் குரல் மட்டும் போகவில்லை.

"தியாகேசன், கும்பகோணத்துல எல்லா ஸ்கூல்லயும் ஆர்ச்சரி வந்தாச்சு. பேரன்ட்ஸ் கேக்கறா. ஆறு வில் வாங்கியாச்சு. ஒரு பொண்ணு வருவா, நம்ம பழைய ஸ்டூடன்ட்தான், ஸ்டேட் லெவல். ஆறு ஞாயித்துக்கிழம சொல்லிக்குடுப்பா. பசங்களோட நீங்களும் கத்துக்கணும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நம்ம பூஜையில எல்லார் முன்னாடியும் முதல் அம்பு நீங்க விடறேள்."

"எனக்கா சார்? இந்த வயசுலயா?"

"வரலேன்னா சொல்லிடுங்கோ. அந்தப் பொண்ணையே பி.டி.க்குப் போட்டுக்கறேன். ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்ல பாருங்கோ."

தனியார் பள்ளியில் ஐம்பத்திரண்டு வயதில் வேலை போனால் வேறு எந்தப் பள்ளியும் கதவைத் திறக்காது. வந்துடும் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வந்தவள் பெயர் கவிப்ரியா. இருபத்தைந்து வயது, ஒல்லியான பெண், தோளில் நீளமான ஒரு பை. முதல் ஞாயிறு காலை, வாய்க்கால் பக்கத்து மைதானத்தில் எட்டுப் பிள்ளைகளும் ஒன்பதாவது ஆளாகத் தியாகேசன் சாரும் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் சம்பா நாற்றங்கால் பச்சைப் பசேலென்று இருந்தது.

"விசில கழட்டிடுங்க சார். ஒரு மைதானத்துல ஒரு விசில்தான் இருக்கணும்" என்றாள் அவள். "ரெண்டு தடவ ஊதினா கோட்டுக்கு வரணும். ஒரு தடவ ஊதினா அம்பு விடலாம். மூணு தடவ ஊதினா எல்லாரும் வில்ல கீழ வச்சுட்டு அம்பு எடுக்கப் போகலாம். அதுக்கு முன்னாடி ஒரு கால் கோட்டத் தாண்டக் கூடாது. சாருக்கும் அதான்."

பிள்ளைகள் சாரைப் பார்த்தார்கள். சார் விசிலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவள் பையைத் திறந்து தன் வில்லை எடுத்து, இடது கையால் நாணை இழுத்துக் காட்டினாள்.

"பீச்சாங்கையா?" என்றார் அவர், வாய் சும்மா இருக்காமல்.

"ஆமா சார். எட்டாவதுல நீங்க மாத்தப் பாத்தீங்க. மாறல."

அவர் சிரித்தார். எத்தனையோ பேரை மாற்றியிருக்கிறார். இவள் அதில் யாரென்று அவருக்கு நினைவே இல்லை.

"முதல்ல எந்தக் கண்ணால குறி பாக்கறோம்னு தெரிஞ்சுக்கணும். அதுக்கப்புறம்தான் வில்லு எந்தக் கையிலன்னு முடிவு பண்ணணும்" என்றாள் கவிப்ரியா. "சார், நீங்க பெரியவங்க, நீங்களே முதல்ல பண்ணுங்க. கண்ணாடியக் கழட்டிட்டு ரெண்டு கையையும் நீட்டி, நடுவுல முக்கோணமா ஒரு ஓட்டை வைங்க. அது வழியா அந்த வாட்டர் டேங்கப் பாருங்க. ரெண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். தெரியுதா?"

"தெரியுது."

"கை அசையாம இடது கண்ண மட்டும் மூடுங்க. டேங்க் இருக்கா?"

உலகம் இருண்டது. ஆனால் என்ன சொல்லவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். "இருக்கு."

"இப்ப வலது கண்ண மூடுங்க."

"இருக்கு. எனக்கென்ன கண்ணு பூத்தா போச்சு?"

கவிப்ரியா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பிள்ளைகள் பக்கம் போனாள். ஏழாம் வகுப்பு கனிமொழி, கனத்த கண்ணாடி போட்ட பெண், "அக்கா, வலது கண்ண மூடினா டேங்க் ஓட்டையை விட்டு ஓடிப்போவுதுக்கா" என்று பயந்தாள்.

"ஓடத்தான் செய்யும். யாருக்கா இருந்தாலும் ஒரு கண்ணுலதான் நிக்கும், இன்னொண்ணுல காணாமப் போயிடும். ரெண்டு கண்ணுலயும் நிக்காது" என்றாள் கவிப்ரியா. இதைச் சொல்லும்போது அவள் தியாகேசன் பக்கம் திரும்பவில்லை. அவருக்குத்தான் முதுகில் வேர்த்தது.

பள்ளிக்கூடம் வாங்கிய ஆறு வில்லும் வலது கைக்காரர்களுக்கானவை. அதில் ஒன்றை எடுத்து அவர் விட்ட ஆறு அம்பும் பலகையைத் தொடாமல் இடது பக்கமாகப் போய்ப் பின்னால் தொங்கிய திரையில் விழுந்தன. கவிப்ரியா தன் சொந்த வில்லைக் கொண்டுவந்து அவர் வலது கையில் கொடுத்தாள்.

"இடது கையால இழுங்க சார். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கால். உடம்பு பக்கவாட்டுல நிக்கட்டும், முகம் மட்டும் பலகையப் பாக்கட்டும். வில்ல இறுக்கிப் புடிக்காதீங்க, அது உள்ளங்கையில சாஞ்சாப் போதும். அம்புக்கு மேல ஒரு விரல், கீழ ரெண்டு விரல். அம்பக் கிள்ளாதீங்க. முதுகால இழுங்க. நாண் மூக்கையும் தாடையையும் தொடணும், விரல் தாடைக்கு அடியில வந்து நிக்கணும். ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பி.டி. சார் பீச்சாங்கையால் நாணை இழுத்துக்கொண்டு நிற்கிறார். "விடணும்னு விடாதீங்க சார், விரலத் தளத்துங்க, அதுவா போகும்" என்றாள் அவள். விரலைத் தளர்த்தினார். அம்பு பலகையில் போய் டப்பென்று நின்றது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் தியாகேசன் சாருக்கு நேர்ந்தது அவருக்கே புரியாத ஒன்று. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று வெறும் கையை இழுத்துத் தாடைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். மங்களாம்பிகை பார்த்துவிட்டு, "சுளுக்கிக்கப் போவுது" என்று மட்டும் சொன்னாள். மூன்றாவது ஞாயிறு அம்பு பலகையின் சிவப்பு வளையத்தில் குத்தியது, நாலாவது ஞாயிறு நடு மஞ்சளில் மூன்று அம்பு. இடது கண்ணுக்கு நேராக நாண், நாணுக்கு நேராக மஞ்சள். மறைக்க ஒன்றுமில்லை, தலையைத் திருப்பித் திருப்பிச் சமாளிக்க ஒன்றுமில்லை. ஒன்பது வயதுக்குப் பிறகு முதல்முறையாக அவர் கண்ணைப் பற்றி நினைக்காமல் ஒன்றைப் பார்த்தார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போதும் புத்தி மாறவில்லை. பக்கத்தில் நின்று விட்ட கனிமொழி ஒருநாள், "சார், முழங்கை உள்பக்கம் திரும்பியிருக்கு, நாண் அடிச்சுடும் சார். அக்கா வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "நீ எனக்குச் சொல்றியா சோடாபுட்டி? உன் பலகையப் பாரு" என்று அதட்டினார். அவள் தலை குனிந்துகொண்டாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் முழங்கையைச் சரிசெய்துகொண்டார். நாண் அடிக்கவில்லை.

நாலாவது ஞாயிறு முடிந்த மறுநாள், மஞ்சளில் குத்திய மூன்று அம்பும் மனதுக்குள் இன்னும் நின்றுகொண்டிருந்தபோது, அவர் அச்சுதன் அறைக்குப் போனார்.

"சார், எனக்கு நல்லா வந்துடுச்சு. பூஜைக்கப்புறம் அந்தப் பொண்ணு எதுக்கு? நானே பாத்துக்கறேன்."

"அப்படியா? நன்னா சொல்லிக்குடுக்கறாள்னுதானே எல்லாரும் சொன்னா?"

வேலை கைக்கு வந்துவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றியது. இன்னும் ஒரே ஒரு ஆணி அடித்துவிட்டால் முடிந்தது. "சொல்லிக் குடுக்குது சார். ஆனா பீச்சாங்கைக்காரி. பிள்ளைங்களும் பாத்துப் பாத்து அதே மாதிரி புடிக்குதுங்க. நாளைக்கு பூஜை போட்ட வில்ல பீச்சாங்கையால தொட்டா, பேரன்ட்ஸ் என்ன நினைப்பாங்க?"

அச்சுதன் நெற்றியைச் சுருக்கினார். "சொன்னேளே, நல்லது. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அச்சுதன் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துப் பக்கம் வந்ததே இல்லை. தியாகேசன் எந்தக் கையால் விடுகிறார் என்று அவருக்குத் தெரியாது. இது தியாகேசனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடுத்தவளுக்குக் குழி வெட்டுகிற வேகத்தில், தான் நிற்கிற இடம் எது என்று குனிந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

பூஜையன்று மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பெற்றோர்கள் நாற்காலியில், இன்னொரு பக்கம் பிள்ளைகள் தரையில். எதிரே பத்து மீட்டரில் பலகை. அதற்கு இடது பக்கமாகப் பின்னால் ஆளுயர ஃபிளெக்ஸ், அதில் கைகூப்பியபடி அச்சுதன். பள்ளிக்கூடத்து வில் ஆறுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். சூடம் காட்டி, பொரி கடலை கொடுத்து முடித்ததும் மைக்கில் தியாகேசன் பெயரைச் சொன்னார்கள். அவர் வெள்ளைச் சட்டையின் வலது கையை மடித்து, நாண் அடிக்காமலிருக்கக் கட்டும் தோல்பட்டையை ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் வலது முன்கையில் கட்டிக்கொண்டார். பிறகு கவிப்ரியாவின் பையிலிருந்து அவளுடைய வில்லை எடுக்கக் குனிந்தார்.

"அது என்ன அது?" என்று முன்வரிசையிலிருந்து அச்சுதன் எழுந்து வந்தார். "பூஜை போட்ட வில் இங்க இருக்கறச்ச அத ஏன் எடுக்கறேள்?"

"இது... இடது கைக்கு சார். எனக்கு இதுதான் பழக்கம்."

"இடது கைக்கா?" அச்சுதன் குரலைத் தாழ்த்தவில்லை. "நீங்கதானே சொன்னேள், பூஜை போட்டுட்டு பீச்சாங்கையால விட்டா நன்னாருக்காது, இந்தப் பொண்ணு பசங்களையும் கெடுக்கறா, பூஜையோட அனுப்பிடலாம்னு? இப்ப நீங்களே பீச்சாங்கையால விடறேளா?"

கவிப்ரியா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

அச்சுதன் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவர் வலது கையால விட முடியாதா?"

தியாகேசன் அவளைப் பார்த்தார். அவள் ஒரு வரி சொன்னால் போதும். சிலருக்கு இடது கண்ணுதான் குறி பாக்கும் சார், அவங்க இடது கையாலதான் விடணும், உலகம் பூரா அப்படித்தான் என்று சொன்னால் போதும். அது பொய்யுமில்லை, அவமானமுமில்லை. அவருடைய கண் அவளைக் கெஞ்சியது. இந்த உலகத்தில் அவர் கெஞ்சிய முதல் ஆள் அவள்தான்.

கவிப்ரியா குனிந்து, தன் பையின் ஜிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்து மூடினாள்.

"பழகிக்கலாம் சார்" என்றாள் அச்சுதனிடம். "என்னையும் இவரு அப்படித்தான் பழக்கினாரு."

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. எட்டாம் வகுப்பு. குண்டு எறியும் ஒல்லிப் பெண். இடது கையால் எறிந்தால் குண்டு மாவட்டப் போட்டித் தூரத்துக்குப் போகும். அவர் அந்த இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, விசில் கயிற்றால் இடுப்போடு கட்டினார். ஒரு மாதம். தினமும் பி.டி. பீரியட் முழுக்க. சோத்தாங்கையால போடு. குண்டு அவள் காலடியிலேயே விழும், மொத்த வகுப்பும் சிரிக்கும், அவரும் சிரிப்பார். அந்த வருடம் மாவட்டப் போட்டிக்கு வேறு பெண் போனாள்.

பூஜை போட்ட வில்லை இடது கையில் பிடித்தார். வலது கையால் நாணை இழுத்தார். நாண் வலது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது; அங்கே ஒன்றுமே இல்லை. தலையைச் சாய்த்து இடது கண்ணை நாணுக்குக் கொண்டுவரப் பார்த்தார். எட்டவில்லை. பின்னால் நாற்காலிகள் கிரீச்சிட்டன. விரலைத் தளர்த்தவில்லை, பயத்தில் பிடுங்கிவிட்டார்.

தோல்பட்டை கட்டாத இடது முன்கையை நாண் சுளீரென்று அறைந்தது. அம்பு பலகையை விட்டுவிட்டு இடது பக்கம் போய் ஃபிளெக்ஸில், அச்சுதனின் வேட்டிக் கரையில் குத்திக்கொண்டு ஆடியது.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பெற்றோர்கள். அச்சுதனும் சிரித்தபடிதான் கேட்டார். "என்ன தியாகேசன், கண்ணு தெரியலையா?"

சும்மா கேட்டதுதான். ஆமாம் சார், கை தவறிடுச்சு என்று தியாகேசனும் சிரித்திருக்கலாம். முன்கையில் தோல் தடித்து எரிந்தது. இருபத்து நாலு வருடம் பிள்ளைகளிடம் பேசிய வாய் தானாகப் பேசியது.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் சார் தெரியும். சொல்லிக் குடுத்தது சரியில்ல. ஆறு வாரமா இந்தப் பொண்ணு தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்துடுச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. கவிப்ரியா மைக்கை வாங்கிக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. நான் தப்பா சொல்லிக் குடுத்திருக்கலாம். முதல் பாடம் கண்ணுதான், அதையே எல்லார் முன்னாடியும் மறுபடி பாத்துடலாம். சார், ஒரு கண்ண மூடிக்கிட்டு அந்த ஃபிளெக்ஸ்ல இருக்கறதப் படிங்க."

அவர் கூலிங்கிளாஸைக் கழற்றினார். இதுவரை தோற்காத வித்தை. வலது கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு, பள்ளியின் பெயர், விழாவின் பெயர், தேதி எல்லாவற்றையும் கணீரென்று படித்தார்.

"இன்னொரு கண்ணு சார்."

கையை மாற்றினார். இடது கை குறுக்கே வந்து வலது கண்ணை மூடியது. மறுபடி பள்ளியின் பெயர், விழாவின் பெயர். அச்சுதன் தலையாட்டினார், பெற்றோர்களும் தலையாட்டினார்கள். தப்பித்துவிட்டோம் என்று தியாகேசனுக்கு மூச்சு வந்தது.

"சார், அதே கண்ணுதான் சார்."

தரையில் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து கனிமொழி எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை. எந்தக் கையால் எந்தக் கண்ணை மூடுவது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முகத்தில் கேலி இல்லை, குறும்பு இல்லை. முழங்கையைத் திருத்தச் சொன்ன அதே மெதுவான குரல்.

"பதட்டத்துல மாத்தி மூடிட்டீங்க சார். இது இல்ல, இந்தக் கண்ணு" என்று தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இடது கண்ணைப் பொத்திக் காட்டினாள். "எனக்கும் முதல்ல வராது சார். ஈசிதான்."

முந்நூறு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தியாகேசன் கையை இடது கண்ணுக்குக் கொண்டுபோனார். மூடினார். ஷாமியானா, பெற்றோர், பலகை எல்லாம் போய்விட்டது.

"படிங்க சார்" என்றது கவிப்ரியாவின் குரல்.

அவருக்கு அந்த ஃபிளெக்ஸ் இப்போது மனப்பாடம். சொல்லிவிடலாம். வாயைத் திறந்து பள்ளியின் பெயரைச் சொன்னார், விழாவின் பெயரைச் சொன்னார். எங்கோ ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். கையை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் கண்ணை மூடியிருந்த நேரத்தில் கவிப்ரியா ஃபிளெக்ஸுக்கு முன்னால் வந்து நின்று, தன் துப்பட்டாவை விரித்து அத்தனை எழுத்தையும் மறைத்துக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் எவனோ சொன்னான், "ஒத்தக்கண்ணன்டா." அப்பா பஸ்ஸில் சொன்ன அதே சொல்.

கனிமொழி மட்டும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று புரியாமல், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

அச்சுதன் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அப்படி அனுப்பியிருந்தால் அதில் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். விஜயதசமி கழிந்து அறைக்குக் கூப்பிட்டார்.

"பொய்யான சர்டிபிகேட்டுல இத்தனை வருஷம். போலீசுக்குப் போகலாம். போகமாட்டேன். வயசான காலத்துல எங்க போவேள்? கிரவுண்ட பாத்துக்கோங்கோ. புல்லு வெட்டறது, கோடு போடறது, அம்பு பொறுக்கறது. கவிப்ரியா சொல்றதக் கேட்டுண்டு இருங்கோ."

அவர் நீட்டிய காகிதத்தில் தியாகேசன் கையெழுத்துப் போட்டார். விசிலை மேஜை மேல் வைக்கச் சொன்னார் அச்சுதன், வைத்தார்.

மங்களாம்பிகையிடம் ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை காபி டம்ளரைக் கொண்டுவந்து, அவர் இடது பக்கம், கைக்கு எட்டுகிற மாதிரி, பார்த்துப் பார்த்து வைத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. கோபம் வந்தாலும் இனி அவள் வலது பக்கம் வைக்கப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்தது. வேட்டி நனைந்த நாட்களே தேவலை என்று நினைத்துக்கொண்டு குடித்தார்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை. நாற்றங்கால் இருந்த வயலெல்லாம் நட்டு முடித்துத் தண்ணீர் நின்றது. சுண்ணாம்புக் கோட்டை விடியற்காலையிலேயே அவர்தான் போட்டிருந்தார். இருபது பிள்ளைகள் இப்போது. பள்ளிக்கூடம் இடது கைக்காரர்களுக்கும் இரண்டு வில் வாங்கியிருந்தது. கவிப்ரியா கேட்டு வாங்கியது. அவளுடைய கழுத்தில் விசில் தொங்கியது. யாருடைய விசில் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது, கயிறு மாற்றவில்லை.

விசில் இரண்டு முறை ஊதியது, பிள்ளைகள் கோட்டுக்கு வந்தார்கள். ஒரு முறை ஊதியது, அம்புகள் போயின. அவர் மர நிழலில் வாளியோடு நின்றார். மூன்று முறை ஊதியதும் பலகைக்கு நடந்தார். கனிமொழியும் ஓடிவந்து பக்கத்துப் பலகையில் தன் அம்புகளைத் தேடினாள். சாரைப் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அம்பு பிடுங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு கையைப் பலகையில் ஊன்றி, இன்னொரு கையால் அம்பைப் பலகையை ஒட்டிப் பிடித்து, வந்த வழியே நேராக இழுக்க வேண்டும். அவருக்குக் கவிப்ரியா சொல்லிக்கொடுத்த பாடம்தான் அதுவும். மஞ்சளில் குத்தி நின்ற ஒன்றை, வலது கையை ஊன்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தது போலவே இடது கையால் பிடித்தார்.

கோட்டிலிருந்து குரல் வந்தது. கத்தவில்லை, மரியாதை குறையவில்லை.

"சோத்தாங்கையால எடுங்க சார்."

கனிமொழியும் ஒருமுறை தன் கையைப் பார்த்துக்கொண்டாள். தியாகேசன் அம்பை விட்டுவிட்டுக் கையை மாற்றினார்.